நம்பர் டூ சொன்னால் யார் கேட்பார்

சென்ற மாதம் கோல்கீப்பர் பயிற்றுநர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் மரியாதைக்காகக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தலையில் அடிபட்ட ஆட்டக்காரரைத் திடலிலேயே எப்படிச் சோதிப்பது என்று ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தார். நாம் எந்தத் திடலில் இருக்கிறோம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகக் கோல் அடித்தது யார், போன ஆட்டம் யாரோடு என்று கேட்க வேண்டும். ஒரு பதிலில் தடுமாறினாலும் ஆளை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். இப்போது அதற்கென்றே கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

இடைவேளையில் ஓர் இளம் பயிற்றுநர் கையில் தேநீரோடு என்னிடம் வந்து, "உங்க காலத்துல என்ன செய்வாங்க அங்கிள்?" என்று கேட்டார்.

"தண்ணி ஊத்துவாங்க" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அங்கே நின்றபடி அதை விளக்கிச் சொல்லவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் குணசேகரன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்தார். பள்ளிக்கூடத்தில் நான்தான் உயரம், ஓட்டமும் சுமார், அதனால் கோலில் நிறுத்தினார்கள். அங்கேயே நின்றுவிட்டேன். மாவட்டக் குழு, மாநில இளையோர் குழு என்று ஏறி, கடைசியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு தொழில்முறைக் குழுவில் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தக் குழு இப்போது இல்லை. பெயரும் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த கோல்கீப்பர் வேலை முழுக்க சார்ஜன் ஹாமிட் கற்றுக்கொடுத்தது. ராணுவத்தில் இருந்தவர், ராணுவக் குழுவுக்குக் கோல் காத்தவர். எங்கள் குழுவின் கோல்கீப்பர் பயிற்றுநர். சுங்கை வேயில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். 'ழ' மட்டும் வராது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார். பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் அவர் வாயிலிருந்து ஒரே சொல்தான் வரும்: லாகி. மறுபடியும் என்று அர்த்தம். மழை பெய்தாலும் லாகி, விரல் வீங்கியிருந்தாலும் லாகி. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அப்போதுதான் எங்களுக்குப் பயம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்தில் கோல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் பேசமாட்டார். அடுத்த பயிற்சி நாளில் கோல் விட்டவரை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு திடலுக்குள் போவார். கோல் விழுந்தபோது எங்கே நின்றோமோ அதே இடத்தில் நிற்கச் சொல்வார். பந்தை அது வந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பார். திரும்பி வந்து, "என்ன பார்த்த?" என்று கேட்பார். ஏன் விட்டாய், எப்படி விட்டாய் என்று கேட்கமாட்டார். என்ன பார்த்தாய் என்பது மட்டும்தான் கேள்வி. எதிரியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, நம் ஆள் எவன் பார்வையை மறைத்தான், பந்து காலைவிட்டு எப்போது கிளம்பியது என்றெல்லாம் சொல்ல வேண்டும். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். பேசாமல் நம்மை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிடுவார்.

குழுவில் நம்பர் ஒன் கோல்கீப்பர் மதியழகன். கிள்ளான் ஆள், எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் 'லா' போடுவான். எங்களுக்கெல்லாம் மதி. மலாயில் 'மாத்தி' என்றால் சாவு. அதனால் மலாய்க்கார ஆட்டக்காரர்கள் அவனை அந்தப் பெயரில் கூப்பிடமாட்டார்கள், அழகன் என்பார்கள். ஆளும் அழகன்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனால் 'அண்ணே' என்று கூப்பிட்டால் திட்டுவான். மேலே ஏறுங்கள் என்று தடுப்பாட்டக்காரர்களை விரட்ட மலாயில் 'நாயேக்' என்று கத்த வேண்டும். இவன் கத்துகிற கத்தலில், திடலோரம் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் நாயே என்று திட்டுவதாக நினைத்துக் கோபப்பட்டதுண்டு.

நான் நம்பர் டூ. அது என்ன வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. முன்னால் ஓடுகிறவன் சரியாக ஆடாவிட்டால் அரைமணி நேரத்தில் மாற்றிவிடுவார்கள். கோல்கீப்பரை அப்படி மாற்றமாட்டார்கள். ஒரே ஓர் இடம்தான். முதல் ஆள் இருக்கும்வரை இரண்டாவது ஆள் பெஞ்சில்தான். இன்னொரு எழுதாத சட்டமும் உண்டு. முதல் ஆள் அடிபட்டு, இரண்டாவது ஆள் இறங்கி நன்றாக ஆடிவிட்டால், முதல் ஆள் குணமாகி வந்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. மதிக்கே இடம் அப்படித்தான் கிடைத்தது. அவனுக்கு முன்னால் இருந்தவர் முழங்கால் சிகிச்சை முடிந்து வந்து ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார்.

ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பரைச் சூடேற்றுவது இரண்டாம் கீப்பரின் வேலை. கையுறையை நனைத்துத் தேய்த்துக்கொண்டு அவன் கோலில் நிற்பான். முதலில் நெஞ்சுக்கு நேராகப் பந்தைத் தட்டிவிட வேண்டும். பிறகு தரையோடு இரண்டு பக்கமும், பிறகு தலைக்கு மேலே, கடைசியில் ஓரத்திலிருந்து உயரப் பந்து. வாரத்துக்கு வாரம் மதிக்கு நான்தான் இதைச் செய்தேன். அவன் கையில் பந்து விழும் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது. சரியாகப் பிடித்தால் ஒரு மெத்தென்ற சத்தம் வரும். மணிக்கட்டில் பட்டால் அது வேறு சத்தம். அவன் நேற்று தூங்கினானா, வீட்டில் சண்டையா என்பதுகூட அந்தச் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அவன் வீட்டில் மனைவி விமலா. அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும்.

அந்த வருடம் நாங்கள் கிண்ணப் போட்டியில் அரையிறுதிக்கு வந்தோம். அரையிறுதி இரண்டு ஆட்டம், முதல் ஆட்டம் செராஸ் பக்கம் இருந்த ஒரு திடலில். பிற்பகலில் பெய்த மழையில் புல் ஊறிப்போயிருந்தது. முதல் பாதி முடியப்போகும் நேரம், எதிர்க்குழு ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். மதி வெளியே ஓடி அவன் காலடியில் விழுந்து பந்தை அள்ளினான். பந்து கையில் சரியாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் ஈரத்தில் நிற்க முடியாமல் வழுக்கிவந்த எதிரியின் முழங்கால் மதியின் நெற்றிப்பொட்டில் மோதியது. யார் மேலும் தப்பில்லை. நடுவர்கூட ஊதவில்லை.

மதி பந்தை அணைத்தபடி குப்புறக் கிடந்தான். கை விரல்கள் விறைத்து நின்றதைப் பெஞ்சிலிருந்து பார்த்தேன். பிசியோ ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றினார், ஈரப் பஞ்சைப் பிடரியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மதி எழுந்து உட்கார்ந்தான், நின்றான், கை காட்டினான். அரங்கம் எழுந்து கைதட்டியது.

அடுத்து அவன் செய்ததை நான் ஒருவன்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். பந்தை எடுத்து எங்கள் ஆளுக்கு உருட்ட வேண்டியவன், எதிர்க்குழு ஆளுக்கு நேராக உருட்டினான். அவன் எதிர்பார்க்காததால் அது கோலாகவில்லை. எல்லோரும் கை வழுக்கிவிட்டது என்று நினைத்தார்கள். பிறகு ஃப்ரீகிக் ஒன்றுக்குத் தடுப்புச் சுவர் வைத்தபோது, தவறான கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்களை நகரச் சொன்னான்.

பாதி நேரத்தில் உடைமாற்றும் அறைக்குள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன். என்னைப் பார்த்து மெல்லக் கேட்டான்.

"எப்ப இறங்கணும் குணா? வார்ம் அப் முடிஞ்சிருச்சா?"

அவனுக்கு ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

நான் எழுந்து சார்ஜனிடம் போனேன். "மதி சரியா இல்ல சார்ஜன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, திடலில் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"என்ன பார்த்த?"

விரல் விறைத்தது, பந்தை எதிரிக்கு உருட்டியது, கம்பத்தை மாற்றிப் பிடித்தது, இப்போது என்னிடம் கேட்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சார்ஜன் நேராகத் தலைமைப் பயிற்றுநர் ஜெயபாலனிடம் போனார். மதியைப் பதினேழு வயதிலிருந்து வளர்த்தவர் ஜெயபாலன். தன் பிள்ளை மாதிரி என்று எல்லோரிடமும் சொல்வார். அது பொய்யுமில்லை. அவர் மதியின் முன்னால் போய்க் குனிந்து, விளையாட முடியுமா என்று கேட்டார். மதி தலையாட்டினான். நிச்சயமா என்றார். நிச்சயம் கோச் என்றான். அவ்வளவுதான் சோதனை.

பிறகு ஜெயபாலன் திரும்பி என்னைப் பார்த்தார். அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

"உன் நேரம் வரும் குணா. இப்படி அவசரப்படக் கூடாது" என்றார்.

யாரோ சிரித்தார்கள். இன்னொருவன் மலாயில் ஏதோ சொன்னான். சார்ஜன் இன்னொரு முறை, தாழ்ந்த குரலில், "கோச், ஆளை மாற்றலாம்" என்றார். ஜெயபாலன் திரும்பிப் பலகையில் கோடு போடத் தொடங்கினார். சார்ஜன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

இரண்டாம் பாதி முழுக்க மதி விளையாடினான். நாங்கள் ஒரு கோலில் ஜெயித்தோம். அவன் மூன்று நல்ல பந்துகளைத் தடுத்தான். கை தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். மறுநாள் பத்திரிகையில், அடிபட்டும் அசராத கோல்கீப்பர் என்று படத்தோடு போட்டார்கள்.

அந்த வாரம் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நாள் பயிற்சிக்கு மதி நேரத்தோடு வரவில்லை. வெகுநேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்தான். போன வருடம் நாங்கள் பயிற்சி செய்த ஷா ஆலம் திடலுக்குப் போய்விட்டானாம். யாரும் இல்லாததைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். அதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான், மற்றவர்களும் சிரித்தார்கள். அடுத்த நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். வெயில் ஆகவில்லை என்றான். நான் பந்தைத் தட்டிவிட்டேன். மணிக்கட்டில் பட்டது. மறுபடி தட்டினேன், மறுபடியும் மணிக்கட்டு. பத்து நிமிடத்தில் கம்பத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

கார் நிறுத்துமிடத்தில் அவனை மடக்கினேன். டாக்டரைப் பார், ஒரு வாரம் சும்மா இரு, ஒரு ஆட்டம்தான் போகும் என்றேன். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்கு என் இடம் வேணும். அதானே லா?" என்றான். "நேரா சொல்லு. நானும் ஒரு காலத்துல நம்பர் டூதான். எனக்கும் தெரியும்."

நான் இல்லை என்று சொன்னால் நம்பியிருக்கமாட்டான். ஏனென்றால் எனக்கு அந்த இடம் வேண்டும்தான். மூன்று வருடமாக வேண்டும். வேண்டாம் என்று எந்த நம்பர் டூவும் சொல்லமுடியாது. அவனுக்கு உடம்பு சரியில்லை என்பதும் உண்மை, எனக்கு அவன் இடம் வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் சொன்னால் கேட்பவன் காதில் இரண்டாவதுதான் விழும்.

அதனால் கிள்ளானுக்கு அவன் வீட்டுக்கே போனேன். மதி வெளியே போயிருந்த நேரம். விமலா கேட்டைத் திறந்து உட்காரவைத்து மைலோ கலந்து கொடுத்தார். வாந்தியையும் ஷா ஆலம் போனதையும் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "அவரு நல்லாத்தான் இருக்காரு. தூக்கம் பத்தல" என்றார். டாக்டரிடம் கூட்டிப்போகும்படி கெஞ்சிவிட்டு வந்தேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் மறுபடியும் போனேன். இம்முறை கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அவரு தூங்குறாரு. நீங்க போங்கண்ணே" என்றார். உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தமும் மதி யாருடனோ போனில் பேசும் சத்தமும் கேட்டது.

சார்ஜன் அந்த வாரம் இரண்டு முறை ஜெயபாலனோடு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். இரண்டு முறையும் குரல் வெளியே வரவில்லை. அதனாலேயே அவர் எவ்வளவு கோபமாக இருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆட்டத்துக்கு முன்னால் ஒட்டிய பட்டியலில் மதியின் பெயர்தான் இருந்தது.

அடுத்தது லீக் ஆட்டம், எங்கள் சொந்தத் திடலில். வானம் தெளிந்திருந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு கார்னர். மதி எழும்பிப் பந்தைப் பிடித்தான், அழகாகப் பிடித்தான். இறங்கும்போது எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவனுடைய தோள் அவன் தாடையில் இலேசாக இடித்தது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் இடிப்பானே, அவ்வளவுதான். மதி பந்தை உருட்டிவிட்டான். கையுறையைக் கழற்றுவதுபோல விரலைப் பிடித்து இழுத்தான். பிறகு தரையில் உட்கார்ந்தான். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

இம்முறை தண்ணீர் ஊற்றியும் எழவில்லை. ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகியிருந்தது என்று பிசியோ பிற்பாடு சொன்னார். ஆம்புலன்ஸ் திடலுக்குள் வந்தது.

நான் கையுறை மாட்டிக்கொண்டு நின்றேன். சார்ஜன் என் பக்கத்தில் வந்தார். கையுறையின் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டார். "உள்ளே போனா பந்தை மட்டும் பாரு" என்றார்.

அன்றைக்கு நான் ஆடியதுதான் என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த ஆட்டம். அதை எழுதவே கை கூசுகிறது. பந்து எனக்குப் பெரியதாகத் தெரிந்தது. எங்கே வரும் என்று முன்னாலேயே தெரிந்தது. ஒரு பெனால்டியையும் தடுத்தேன். எழுந்து பார்த்தபோது எங்கள் ஆட்கள் என் மேல் வந்து விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெஞ்சில் ஜெயபாலன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெனால்டியைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்து சட்டை மாற்றாமல் மருத்துவமனைக்கு ஓடினேன். மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது, அறுவைச் சிகிச்சை நடக்கிறது என்றார்கள். விமலா நாற்காலியில் இருந்தார். என் ஜெர்ஸியைப் பார்த்தார். நான் கீப்பர் ஜெர்ஸியில் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு பல வருடம் என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மதி பிழைத்தான். பல மாதம் படுக்கை. பேச்சு திரும்பி வந்தது, நடையும் வந்தது. இடது கால் இழுத்துக்கொண்டது, இடது கையில் பலமில்லை. அதைவிடக் கோபம்தான் பெரிய பிரச்சினை. கரண்டி கீழே விழுந்தால் தட்டை வீசுவான். அரைமணியில் மறந்துவிட்டு, யார் வீசியது என்று கேட்பான். ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை, காவல்காரர் வேலை, வாங்கிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு கேட்டைப் பூட்டாமல் நின்றுவிட்டான் என்று நிறுத்திவிட்டார்கள். விமலா தொழிற்சாலை வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை.

சார்ஜன் அந்தப் பருவம் முடிந்ததும் விலகிவிட்டார். போகும்போது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "ராணுவத்தில எனக்குச் சொன்னதைக் கேக்கப் பழக்கிட்டாங்க குணா. அன்னிக்கு நான் கோச் சட்டையைப் பிடிச்சிருக்கணும்." ஜெயபாலன் இன்னும் பல குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நானும் நம்பர் ஒன்னாகவே பல வருடம் நின்றேன், நல்ல பெயரும் வாங்கினேன். அந்த வருடங்களில் என் பின்னால் இருந்த நம்பர் டூக்கள் என்னைப் பார்க்கும் பார்வை எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஓய்வு கிடைக்கும் நாட்களில் கிள்ளானுக்குப் போவேன். வீட்டுக்குப் போகமாட்டேன். மதி காலையில் தேநீர் குடிக்க உட்காரும் சாலையோர ஒட்டுக்கடை ஒன்று உண்டு, அங்கே போவேன். என்னைப் பார்த்ததும் முகம் மலரும். "இன்னிக்கு யாரோட மேட்ச்?" என்பான். ஏதாவதொரு பெயரைச் சொல்வேன். அந்தக் குழுவின் முன்னாட்டக்காரன் எந்தக் காலால் அடிப்பான் என்று சரியாகச் சொல்வான். பெரும்பாலும் அந்த ஆள் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியிருக்கும். "நீ பெஞ்சுல இருக்கேன்னு வருத்தப்படாத லா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதானே" என்பான். அந்த இடத்தில் நான் எழுந்து காசு கொடுக்கப் போய்விடுவேன்.

கடைசி வருடங்களில் வலிப்பு வரத் தொடங்கியது. போன வருடம் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தவன் எழவில்லை.

சாவு வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள், ரசிகர்கள், நரைத்துப்போன பிசியோ எல்லோரும். ஜெயபாலன் ஊன்றுகோலோடு வந்தார். பேசச் சொன்னார்கள். செராஸ் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார். தலையில் அப்படி அடிபட்டும் என் பிள்ளை வெளியே வரமாட்டேன் என்று நின்றான், அப்படி ஒரு வீரனை இனிமேல் பார்க்கமுடியாது என்று சொல்லி அழுதார். கூட்டமும் அழுதது. அவர் நடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவருக்கு அது அப்படியே மாறிப்போயிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாவு வீட்டில் ஒரு கிழவரோடு எதற்குச் சண்டை?

பதினாறாம் நாள் காரியத்துக்கு விமலாவே போன் செய்து என்னைக் கூப்பிட்டார். இத்தனை காலத்தில் அதுதான் முதல் போன். போனேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பின்பக்கம் பாத்திரங்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். விமலா வந்து படியில் உட்கார்ந்தார். லோரி போனதும் பேசத் தொடங்கினார்.

"அண்ணே, நீங்க வந்து சொல்லிட்டுப் போனீங்கல்ல, அன்னிக்கு அவரு கிட்ட நான் எல்லாத்தையும் கேட்டேன்" என்றார். "மறைக்கல. தலை உள்ள இடிச்சுக்கிட்டே இருக்கு, குணா சொல்றது சரிதான், ஒரு மேட்ச் விட்டுரவான்னு என்னைத்தான் கேட்டாரு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன். விட்டா திரும்பக் கிடைக்காது, குணா புடிச்சுக்குவாரு, வலி ரெண்டு நாள்ல போயிரும், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடிருங்கன்னு நான்தான் சொன்னேன். மறுபடி நீங்க வந்தப்ப தூங்குறாருன்னு சொன்னதும் அதுக்குத்தான். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அவருக்கும் மறந்து போச்சு. எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் அழவில்லை. அழுது முடித்தவர் மாதிரி இருந்தார். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். பொய் சொல்லாதீங்க. அன்னிக்கு அவரு விட்டுக்கொடுத்து நீங்க இறங்கியிருந்தா, அவருக்குச் சரியானதும் இடத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பீங்களா?"

பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கொடுத்திருப்பேன் என்று சொன்னால் நான் நல்லவனாகிவிடுவேன், அந்தப் பாரம் முழுக்க அவர் தலையில் போய் உட்கார்ந்துவிடும். பயிற்றுநர்தான் முடிவு செய்வார், என் கையில் இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அந்த ஆட்டத்தில் எப்படி ஆடினேன் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு பசியோடு இருந்தேன் என்பதும் தெரியும்.

"இல்லம்மா" என்றேன். "கொடுத்திருக்கமாட்டேன். உசிரைக் கொடுத்துப் புடிச்சு வச்சிருப்பேன்."

விமலா மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப நான் பயந்தது சரிதான்" என்றார்.

எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு தேநீரோடு வந்து என்னிடம் நீட்டினார். இருவரும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். நான் குடித்து முடித்தேன். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.